இலைக் கணக்கு

யூரியாச் சாக்குக்குள் ஸ்வெட்டர்,
ஸ்வெட்டருக்குள் லேப்டாப்.
கட்டபெட்டிலிருந்து மடியிலேயே வைத்துக்
கொண்டுவந்தாள் மாதி.
கோத்தகிரி மார்க்கெட் திருப்பத்தில் என் கடை,
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, சிட்டா.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து வந்தாள். மஞ்சும் கூடவே வந்தது.

"ஆன் ஆகுது தவமக்கா. ஆனா வரமாட்டேங்குது."
இதைவிடச் சரியாக எவரும் சொன்னதில்லை.
வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடி
நின்று
மறுபடி ஓடின.
மூன்று நாளாக இப்படித்தானாம்.
சனிக்கிழமை இலைக்காசு,
நாற்பத்து மூன்று பேருக்கு.
நோட்டுப் புத்தகம் இல்லையா என்றேன்.
"அதான் கம்ப்யூட்டர் வந்திருச்சில்ல."

என் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும்.
கடைச் சாவி, வீட்டுச் சாவி, பிறகு அது.
நல்ல நாளில் நல்ல மெஷினில் செய்துவைத்தது,
கெட்ட நாளில்தான் அதற்கு வேலை.
கொத்தோடு செருகி
எஃப் பன்னிரண்டைத் தட்டினேன்,
உள்ளே ஆள் இருந்தும் திறக்காத கதவைத் தட்டுவதுபோல.
முதல் தடவை தப்பியது. இரண்டாவதும்.
மூன்றாவதில்
கறுப்புத் திரையில் இரண்டே வரி:
உள்ளே இருப்பதைக் கொண்டு எழவா,
வெளியே இருந்து வந்ததைக் கொண்டு எழவா.

நீலம் விரிந்தது.
'எல்லாவற்றையும் அழி' என்ற கட்டத்தைக் கண்டதும்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
சில்லிட்ட கை, விரலிடுக்கில் இலைக்கறை.
இப்போ இல்ல, விடு என்றேன்.

கட்டளைப் பெட்டியில் நோட்பேட் என்று அடித்தேன்.
எழுதுவதற்கல்ல.
அதன் ஃபைல் திறக்கும் ஜன்னல் வழியே
உள்ளே எட்டிப் பார்க்கலாம்.
சி-யில் ஒன்றுமே இல்லை.
அவள் முகம் செத்தது.
வெளியிலிருந்து எழுந்தால் எழுத்து மாறிப்போகும் மாதி,
சி என்றிருந்தது இப்போ டி,
வீடு அதே வீடு, கதவிலக்கம் வேறு.
என் அப்பா கண்டியில் இந்தியாக்காரன்,
இங்கே இறங்கியதும் சிலோன்காரன்.
மனுஷன் இரண்டு ஊரிலும்
அதே பீடியைத்தான் குடித்தார்.

டி-யில் இருந்தது.
பையன் காதுகுத்து, ஹெத்தைப் பண்டிகை வீடியோ,
பெயரே வைக்காத ஒரு ஃபோல்டர்,
அதற்குள் இலை.
காப்பி. பேஸ்ட்.
இங்கே பச்சைக் கோடு ஓடாது, சதவீதம் காட்டாது,
மவுஸ் அம்பு உறைந்துவிடும்,
செத்துவிட்டதா சுமக்கிறதா, தெரியாது.
பேட்டரி எப்போதோ உப்பிப்போனது,
ஒயரில்தான் உயிர்.
டானிங்டன் பக்கம் சில்வர் ஓக் கிளை ஏதோ முறிந்திருக்கும்,
லைட் மங்கியது.
யூ.பி.எஸ். ஒருமுறை கூவியது.
நாங்கள் பேசவில்லை.
லைட் திரும்ப வந்தபிறகும்
கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிடுங்கி என் கம்ப்யூட்டரில் திறந்தேன்.
ஐப்பசி. பெயர், கிலோ, பிடித்தம், பாக்கி.
மாதியின் விரல் வரிவரியாக இறங்கி
முப்பத்தொன்றில் நின்றது.
லிங்கன், இருநூற்றுப் பதினாறு கிலோ.
லிங்கனை எனக்குத் தெரியும்.
ஆடியில் இறப்புச் சான்றுக்கு
என் கடையில்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

"பறிக்கிறது அவர் சம்சாரம்.
இலைப் புத்தகம் இன்னும் அவர் பேருல.
மாத்தணும்னா மச்சினனுங்க கையெழுத்து வேணுமாம்.
போட மாட்டானுங்க."
திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
"இந்த வரி போயிருந்தா
அவ எதைக் காட்டி வந்து நிப்பா?"

இரண்டு இடத்தில் சேமித்தேன்.
கொத்தை மறுபடி லேப்டாப்பில் செருகி
எல்லாவற்றையும் அழி என்பதை அழுத்தினேன்.
இந்தமுறை அவள் கை வரவில்லை.

ஒரு மணி நேரமாகும் என்றது திரை.
கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு.
சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு,
ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனாள்.
ஷட்டரை இழுத்துவிட்டுக்
குனிந்தபோதுதான் தெரிந்தது,
சாவிகள் உள்ளே
லேப்டாப்பின் விலாவில் தொங்குகின்றன.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
பதினொரு சதவீதம்.